நெஞ்சு நீர் எடுத்த பிறகு: முதல் நான்கு மணி நேரம்

ப்ளூரல் டேப் முடிந்து டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அந்தக் கட்டில் உங்கள் பொறுப்பு. மெடிக்கல் வார்டிலோ நெஞ்சக நோய் வார்டிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். உங்கள் மருத்துவமனை விதியோ டாக்டர் எழுதிய உத்தரவோ இதிலிருந்து மாறினால், அதன்படியே செய்யுங்கள்.

பாடம் சுருக்கமானது. நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே தேங்கிய நீரை ஊசி வழியாக எடுத்திருக்கிறார்கள். காசநோய், புற்றுநோய், நிமோனியா, இதயம் அல்லது ஈரல் பழுது என்று காரணம் எதுவாக இருந்தாலும் ஊசி போன பாதை ஒன்றுதான். போகிற வழியில் நுரையீரலைக் குத்தியிருந்தால் காற்று கசியும். விலா எலும்பின் அடி ஓரமாக ஓடும் இரத்தக் குழாயைத் தொட்டிருந்தால் இரத்தம் கசியும். பல நாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் ஒரேயடியாக விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறும். பெரும்பாலானவர்களுக்கு இதில் எதுவும் நடப்பதில்லை. நடக்கிற அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்கிறோம்.

ஊசிக்கு முன்பே குறித்துவைக்க வேண்டியவை

டேப்புக்குப் பிறகு சாச்சுரேஷன் 93 என்று காட்டினால் அது நல்லதா கெட்டதா? முன்பு 90 இருந்தவருக்கு நல்லது, 98 இருந்தவருக்குக் கெட்டது. அதனால் நோயாளியை உட்கார வைத்து, மேசையில் கையை ஊன்றிக் குனியச் சொல்வதற்கு முன்பே இவற்றை முடித்துவிடுங்கள்:

1. பிபி, பல்ஸ், காய்ச்சல், சாச்சுரேஷன், ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை. ஆக்சிஜன் ஓடினால் எத்தனை லிட்டர் என்பதும் பக்கத்திலேயே.
2. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள்: வார்ஃபரின், ஹெப்பாரின், க்ளோபிடோக்ரெல் போன்றவை. கடைசி டோஸ் எப்போது என்று கேட்டு எழுதுங்கள்.
3. அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா? இவை பல்ஸை அடக்கிவைக்கும். உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் பல்ஸ் 80லேயே நிற்கலாம். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் குறிக்க வேண்டிய விஷயம் இது.
4. காறை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்டெத்தை வைத்து ஒருமுறை கேளுங்கள். காரணம் பிறகு வருகிறது.
5. ஐவி லைன் ஓடுகிறதா என்று பாருங்கள். ரிசர்வாயர் பையுள்ள ஆக்சிஜன் மாஸ்க், சக்ஷன், 14 அல்லது 16 கேஜ் கேனுலா, ஐசிடி (நெஞ்சுக் குழாய்) செட் ஆகியவை கட்டிலருகே இல்லாவிட்டாலும் எந்த அலமாரியில் என்று தெரிந்திருக்க வேண்டும். சாவி யாரிடம் என்பதும்தான்.

முதல் ஐந்து நிமிடம்

1. நோயாளியைத் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்த்து உட்கார வையுங்கள். சில டாக்டர்கள் ஊசி போட்ட பக்கம் மேலே இருக்கும்படி ஒரு மணி நேரம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். சொன்னால் அப்படியே செய்யுங்கள்.
2. எல்லா அளவுகளையும் உடனே ஒருமுறை எடுங்கள். நேரத்தையும் எழுதுங்கள்.
3. டாக்டர் நகர்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டுவிடுங்கள்: எவ்வளவு நீர் வந்தது? என்ன நிறம்? எத்தனை முறை குத்தினார்கள்? சிரிஞ்சில் காற்று வந்ததா? பல முறை குத்தியதும் காற்று வந்ததும் எச்சரிக்கை மணி. அப்படியானால் எக்ஸ்ரே எடுக்க உத்தரவு உண்டா என்றும் அப்போதே கேளுங்கள்.
4. நீர் எடுப்பதை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை என்பது பொதுவான வழக்கம். அந்த அளவு வந்ததால் நிறுத்தினால் சரி. 600 மி.லி.யிலேயே நெஞ்சு இறுக்கம் என்றோ இருமல் அடங்கவில்லை என்றோ நிறுத்தியிருந்தால், அவரை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.
5. ஊசி இடத்துக் கட்டின் மேல் ஈரமோ இரத்தமோ தெரிந்தால், அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். அடுத்த முறை பார்க்கையில் கறை கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். மஞ்சள் நீர் லேசாக ஒழுகுவது சிலருக்கு, அதிலும் ஈரல் நோயாளிகளுக்கு, உண்டு. கட்டு மாற்றி, டாக்டரிடம் சொன்னால் போதும். புதுச் சிவப்பு இரத்தம் பரவினால் கதை வேறு.
6. நோயாளியிடம் நேராகச் சொல்லுங்கள்: “ஐயா, கொஞ்ச நேரம் இருமல் வரலாம், பயப்பட வேண்டாம். ஆனா மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, தலை சுத்தினாலோ உடனே கூப்பிடுங்க. நாங்க வேலையா இருக்கோம்னு பாக்காதீங்க.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நம் நோயாளிகளில் பலர், சிஸ்டர் பிஸியாக இருக்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள்.

சாம்பிள் பாட்டில்களில் லேபிள் ஒட்டுவதும் லேபுக்கு அனுப்புவதும் இதே ஐந்து நிமிடத்தில்தான் வந்து நிற்கும். ஆள் இருந்தால் அதை இன்னொருவரிடம் விடுங்கள். எடுத்த நீரைப் பற்றி வார்டே கவலைப்பட்டுக்கொண்டிருக்கையில், நீர் கொடுத்தவரை யாரும் பார்க்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை

முதல் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டாவது மணியில், 30 நிமிடத்துக்கு ஒருமுறை. பிறகு நான்கு மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை. எல்லாம் சீராக இருந்தால் வார்டின் வழக்கமான முறைக்குத் திரும்பலாம். நிறைய நீர் எடுத்தவர்கள், பல முறை குத்தப்பட்டவர்கள், சுயநினைவு தெளிவில்லாதவர்கள், வென்டிலேட்டரில் இருப்பவர்கள் ஆகியோரை 24 மணி நேரம்வரை கண்ணில் வைத்திருங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் மூச்சு வாங்குது என்று சொல்ல மாட்டார். அவருக்காக மெஷினின் அழுத்த அலாரம்தான் பேசும்.

மூச்சை நிஜமாகவே எண்ணுங்கள்

எந்த வார்டின் சார்ட்டையாவது எடுத்துப் பாருங்கள். பிபி மாறியிருக்கும், பல்ஸ் மாறியிருக்கும். மூச்சு மட்டும் 20, 20, 20, 20 என்று வரிசையாக நிற்கும். மனிதர் தூங்கினாலும் திணறினாலும் 20தான். மற்ற எல்லாவற்றையும் மெஷின் காட்டிவிடுகிறது, இதை மட்டும் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அதுதான் காரணம். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ தப்பாகப் போகிறது என்றால் பெரும்பாலும் முதலில் அசைவது இந்த எண்தான். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் சாச்சுரேஷன் 96 என்று நல்ல பிள்ளையாகவே காட்டிக்கொண்டிருக்கும். அந்த 96ஐப் பிடித்து நிறுத்த நோயாளி நிமிடத்துக்கு 34 தடவை மூச்சு இழுத்துக்கொண்டிருப்பார்.

எண்ணும் முறை:

1. பல்ஸ் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே மனிதர்கள் வேறு மாதிரி மூச்சு விடுவார்கள்.
2. போர்வையை விலக்குங்கள். நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும்.
3. முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தப்பினாலும் கணக்கில் நான்கு தப்பும்.
4. எண்ணும்போதே இரண்டு பக்கமும் சமமாக எழும்புகிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா, மூக்கு விரிகிறதா, ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேசி முடிக்கிறாரா என்று கவனியுங்கள்.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. டேப்புக்கு முன் 28 இருந்தவருக்கு நீர் இறங்கியதும் 22 ஆக வேண்டும். அது 26, 28, 30 என்று திரும்ப ஏறத் தொடங்கினால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சாச்சுரேஷன் பற்றி ஒரு சிறு குறிப்பு. குளிர்ந்த விரல், நெயில் பாலிஷ், அதே கையில் பிபி கஃப் ஆகிய மூன்றும் பொய் எண் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, கையை மாற்றி, மறுபடி பாருங்கள். ஆனால் நோயாளி திணறும்போது எண் குறைவாக வந்தால், கிளிப் சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஆளைப் பாருங்கள்.

என்னென்ன தவறலாம்

*காற்று கசிதல்.* நியூமோதோராக்ஸ். அதிகம் பயப்பட வேண்டியதும் அதிகம் தேட வேண்டியதும் இதுதான். ஊசி போட்ட பக்கம் திடீரென்று குத்தும் வலி, மூச்சு வாங்குதல், பல்ஸ் ஏறுதல், சாச்சுரேஷன் இறங்குதல் என்று வரும். சில சமயம் ஊசி எடுத்த சில நிமிடத்தில் வராமல், சில மணி நேரம் கழித்து மெதுவாக வரும்.

ஸ்டெத்தை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் கேட்டால் அங்கே முன்பிருந்தே சத்தம் குறைவாகத்தான் இருக்கும், நீர் தேங்கிய இடம் அது. மிச்ச நீரும் அங்கேதான் இருக்கும். உட்கார்ந்திருப்பவருக்குக் காற்று மேலே ஏறும். எனவே காறை எலும்புக்குக் கீழே ஒரு பக்கம், உடனே மறு பக்கம் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஊசிக்கு முன் இரு பக்கமும் சமமாகக் கேட்டது, இப்போது ஒரு பக்கம் மங்கியிருந்தால், சந்தேகத்துக்கு அதுவே போதும்.

கட்டைச் சுற்றித் தோலை விரலால் மெல்ல அழுத்துங்கள். பொரிப் பொட்டலத்தை அழுத்தியது போல நறநறவென்றால், காற்று தோலுக்கடியில் வந்துவிட்டது. அந்த நறநறப்பு எதுவரை இருக்கிறதோ அங்கே பேனாவால் எல்லை போடுங்கள். கழுத்தை நோக்கி ஏறினால் அவசரம்.

காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைந்தால் அழுத்தம் கூடி இதயத்தையே தள்ளும். பிபி சரியும், கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சுக்குழாய் மறு பக்கம் நகரும், உடம்பு நீலம் பாயும். மூச்சுக்குழாய் நகர்வது கடைசியில்தான் தெரியும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேக்கும் காத்திருக்கக் கூடாத நிலை இது. டாக்டர் வந்ததும் கையில் கொடுக்க கேனுலா தயாராக இருக்க வேண்டும்.

*இரத்தம்.* வெளியே கட்டின் மேல் ஒரு சொட்டுகூட இல்லாமல் உள்ளே அரை லிட்டர் போகலாம். பல்ஸ் ஏறுவது, கைகால் சில்லிடுவது, வெளிறுவது, தாகம் என்று தவிப்பது, பிறகு பிபி இறங்குவது என்பது வழக்கமான வரிசை. பிபி இறங்கிய பிறகு கண்டுபிடிப்பது தாமதம்தான். வயதானவர்களுக்கு விலா இடை இரத்தக் குழாய்கள் நேராக ஓடாமல் வளைந்து நெளிந்து போவதால் ஊசி படும் வாய்ப்பு அதிகம். வலது பக்கம் கீழே குத்தியிருந்து வயிறு வலி, தோள்பட்டை வலி என்று சொன்னால் ஈரல், இடது பக்கமானால் மண்ணீரல். “தோள்ல என்னமோ பிடிச்சுக்கிச்சு” என்று நோயாளி சொல்வதைக் கேட்டு வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

*விரிந்த நுரையீரலில் நீர் ஊறுதல்.* அபூர்வம், ஆனால் வந்தால் மோசம். பல நாள் நீர் தேங்கியிருந்து, நிறைய நீரை வேகமாக எடுத்தவர்களுக்கு வரும். இளவயதுக்காரர்கள் இதில் விதிவிலக்கல்ல, அவர்களுக்கே வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். 24 மணி நேரம்வரை வரலாம்.

நுரையீரல் விரியும்போது எல்லாருக்கும் கொஞ்சம் இருமல் வரும். அது அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் வளர்கிற இருமல், கூடவே மூச்சுத் திணறல், நுரைத்த சளி, அதிலும் இளஞ்சிவப்பு நுரை என்றால் உடனே நிமிர்ந்து உட்கார வைத்து, ஆக்சிஜன் போட்டு, டாக்டரைக் கூப்பிடுங்கள். இருமல் மருந்து ஊற்றிச் சமாளிக்கிற விஷயம் அல்ல.

*மயக்கம்.* ஊசியைப் பார்த்தோ வலியாலோ வரும் மயக்கத்தில் பல்ஸ் குறையும், வியர்க்கும், முகம் வெளுக்கும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளியும். இரத்தம் போவதிலும் வெளுப்பும் வியர்வையும் உண்டு, ஆனால் அங்கே பல்ஸ் ஓடும். எனவே மயங்கியவரின் மணிக்கட்டைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தால் மட்டையாகப் படுக்க வைக்காதீர்கள்.

*மரப்பு மருந்து.* லிக்னோகேய்ன் அதிகமானால் வாயைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கில் இரும்புச் சுவை தட்டும், காது இரையும், பேச்சு குழறும். அடுத்தது வலிப்பாக இருக்கலாம். எவ்வளவு போட்டார்கள் என்பது கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும்.

தொற்று அன்றைக்கே தெரியாது. ஓரிரு நாள் கழித்துக் காய்ச்சல், குளிர், ஊசி இடத்தில் சிவப்பு, சீழ் என்று வரும்.

டாக்டரைக் கூப்பிடும்போது

“டாக்டர், பன்னிரண்டாம் பெட் பேஷண்ட் சரியில்லை, கொஞ்சம் வாங்க” என்றால், நாலு கட்டில் பார்த்துவிட்டுத்தான் வருவார். இப்படிச் சொல்லுங்கள்:

“டாக்டர், மெடிக்கல் வார்டு சிஸ்டர் பேசுறேன். 12ஆம் பெட், 58 வயசு, பதினொன்றரைக்கு வலது பக்கம் டேப் பண்ணி 1,300 எடுத்தாங்க. முடிஞ்சப்போ மூச்சு 20, சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாம 96. இப்போ மூச்சு 32, சாச்சுரேஷன் 89, பல்ஸ் 124, பிபி 104க்கு 70. வலது மேல் பக்கம் சத்தம் குறைஞ்சிருக்கு. நியூமோதோராக்ஸா இருக்குமோன்னு சந்தேகம். ஆக்சிஜன் போட்டாச்சு. நீங்க உடனே வரணும். எக்ஸ்ரேக்குச் சொல்லிடட்டுமா?”

அரை நிமிடம்தான். முன்பு இருந்த எண்ணும் இப்போதைய எண்ணும் அடுத்தடுத்து விழுவதுதான் இதில் முக்கியம். பேசிய நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அவர் வராவிட்டால் அடுத்த நிலையில் உள்ளவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

டாக்டர் வரும்வரை

1. நோயாளியை விட்டு நகராதீர்கள். போன் செய்ய, சாமான் எடுக்க இன்னொருவரை அனுப்புங்கள்.
2. நிமிர்த்தி உட்கார வையுங்கள். பிபி மிகவும் சரிந்திருந்தால் மட்டும் படுக்க வையுங்கள்.
3. ரிசர்வாயர் மாஸ்கில் 10 முதல் 15 லிட்டர் ஆக்சிஜன். பை உப்பிய பிறகே மாஸ்கை முகத்தில் வைக்க வேண்டும். நாள்பட்ட சிஓபிடி உள்ளவருக்கு இலக்கு 88 முதல் 92 சதவீதம்தான். ஆனால் நீலம் பாய்ந்து திணறுபவருக்கு முதலில் ஆக்சிஜனைக் கொடுங்கள், அளவைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.
4. ஐவி லைன் ஓடுகிறதா என்று பாருங்கள். இரத்தம் போகிறது என்று சந்தேகித்தால் பெரிய கேனுலாவில் இன்னொரு லைன். டாக்டர் சொன்னதும் இரத்த வகை, கிராஸ் மேட்ச் சாம்பிள்.
5. வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம். அவசரமாகக் குழாய் போட வேண்டியிருக்கலாம்.
6. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகள். யாராவது ஒருவர் எழுத வேண்டும்.

உறவினரை வெளியே போங்கள் என்று விரட்டுவதைவிட, “அம்மா, அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் கஷ்டமா இருக்கு, டாக்டர் வந்துட்டிருக்காங்க, நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க” என்று ஒரு இடம் காட்டுவது வேலையை எளிதாக்கும்.

குழாய் வைத்துவிட்டிருந்தால்

ஊசியோடு முடியாமல் ஐசிடி குழாய் வைத்திருந்தால் கூடுதலாகச் சில. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, நிமிர்ந்தபடி. குழாய் முனை தண்ணீரில் 2 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். மூச்சோடு தண்ணீர் மட்டம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஆடாமல் நின்றுவிட்டால் குழாய் மடங்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம், நுரையீரல் முழுதாக விரிந்துமிருக்கலாம். குமிழி வரும் குழாயை க்ளாம்ப் போடக் கூடாது. எக்ஸ்ரே அறைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது பாட்டிலை நோயாளி மடியில் வைத்து, சிந்தாமல் இருக்க க்ளாம்ப் போட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அடைந்த காற்று வழியிலேயே உயிரை வாங்கிவிடும். நீர் மட்டும் வேகமாக வடியும் குழாயை, ஒன்றரை லிட்டர் வந்ததும் சிறிது நேரம் மூடிவைக்க டாக்டர் எழுதியிருக்கலாம். அந்த உத்தரவு வேறு.

பாட்டில் உடைந்தால் குழாய் முனையைச் சுத்தமான சலைன் பாட்டிலுக்குள் விடுங்கள். குழாயே உருவி வந்துவிட்டால் காஸ் வைத்து மூன்று பக்கம் மட்டும் ஒட்டி, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஷிஃப்ட் மாறும் நேரம்

ரவுண்ட்ஸ் முடிந்து உச்சி நேரத்துக்குச் சற்று முன் டேப் செய்வது பல வார்டுகளில் வழக்கம். அப்படியானால் முக்கியமான இரண்டாவது மணி, காலை ஷிஃப்ட் போய் மதிய ஷிஃப்ட் வரும் குழப்பத்தில் விழும். ஒரு 30 நிமிடப் பார்வை தவறுவது இங்கேதான். டேப் ஆன நோயாளியை மட்டும் மேசையருகே ஒப்படைக்காமல், கட்டிலருகே இருவரும் நின்று, மூச்சை ஒருமுறை சேர்ந்து எண்ணி, கட்டைத் தொட்டுப் பார்த்து ஒப்படையுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காகப் பார்ப்பதை நிறுத்துவதும் தவறு. அது எடுத்த நிமிடத்தின் படம். மூன்று மணிக்கு வரும் காற்றை ஒரு மணிப் படம் காட்டாது.

வீட்டுக்கு அனுப்பும்போது

நின்று, கழிவறைவரை நடந்து வந்து, அதன் பிறகும் மூச்சும் சாச்சுரேஷனும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அனுப்ப டாக்டரிடம் கேளுங்கள். படுத்திருந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

வாயால் சொன்னது பஸ் ஸ்டாண்டுக்குள் மறந்துவிடும். ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்:

- கட்டு 24 மணி நேரம் நனையக் கூடாது. பிறகு எடுத்துவிட்டுக் குளிக்கலாம்.
- ஓரிரு நாள் பாரம் தூக்க வேண்டாம்.
- வலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரை மட்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவைத்திருந்தால், அதை மறுபடி எந்தத் தேதியில் தொடங்குவது என்பதும் இங்கே.
- மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இரத்தம் துப்பினால், மயக்கம் வந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், கட்டு இரத்தத்தில் நனைந்தால், ராத்திரி என்று பார்க்காமல் வர வேண்டும். வர முடியாவிட்டால் 108.
- காசநோய் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மூச்சு சரியாகிவிட்டதென்று நிறுத்தக் கூடாது. நீர் எடுத்தது வேறு, நோய்க்கு மருந்து வேறு.

சீட்டின் தலைப்பில் தேதி, எந்தப் பக்கம், எவ்வளவு நீர் என்று எழுத மறக்காதீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வேறொரு ஊர் மருத்துவமனையில் அவரைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு, காலையில் இந்த நெஞ்சில் ஊசி போயிருக்கிறது என்று சொல்ல வேறு ஆள் இருக்காது.